சூசையின் தாடை

தூத்துக்குடிக் கடலடியில் சங்கு எடுத்துவிட்டு மேலே வந்துகொண்டிருந்தேன். என் கயிறு தளர்ந்ததும், நான் படகில் ஏறிவிட்டதாக நினைத்துப் படகோட்டி சூசை இன்ஜினைப் போட்டான். படகின் விசிறி என் இடது காலை முழங்காலோடு அறுத்துத் தள்ளியது.

இழப்பீட்டு வழக்கில், யார் தவறென்று கேட்காமலே படகு முதலாளியைப் பொறுப்பாக்கினார்கள். கிரிமினல் வழக்கிலோ, கவனக்குறைவு நிரூபணமாகவில்லை என்று சூசையை விட்டுவிட்டார்கள். எனக்கு வெறி பிடித்தது. அன்று மாலையே அவன் வீடேறி, ஊன்றுகோலால் அவன் தாடையை உடைத்தேன்.

"வேண்டுமென்றே அடித்திருக்கிறாய், தப்பிக்க முடியாது" என்றார் என் வக்கீல்.

ஆனால் என்மேல் போட்ட வழக்கில் சாட்சிக் கூண்டேறிய சூசை, "இவன் அடிக்கலைய்யா. நாந்தான் படகுல வழுக்கி விழுந்துட்டேன்" என்றான்.

வெளியே வந்ததும் அவன் சட்டையைப் பிடித்தேன். "ஏலே, ஏம்ல பொய் சொன்ன?"

"ஒன் கால எடுத்ததுக்கு எனக்கு யாருமே தண்டன தரலியே, மக்கா."

சட்டப்படி நாங்கள் இருவரும் குற்றமற்றவர்கள். அவனால் இன்றும் கஞ்சி மட்டும்தான் குடிக்க முடிகிறது.