பக்கத்திரைக்குப் பின்னால் ஒரு பேரழகி

அவளுக்கு நடிகையாகத்தான் ஆசை. ஆனால் மேடை ஏறினால் தொண்டை அடைத்துக்கொள்ளும். கையை எங்கே வைப்பது என்றே தெரியாது. முகவெட்டும் அப்படியொன்றும் இல்லை என்பதை அவளே முதலில் சொல்லிவிடுவாள், மற்றவர்களுக்கு அந்தச் சிரமம் வேண்டாமே என்று. நாடகக் குழுத் தலைவர் யோசித்துப் பார்த்துவிட்டு, பக்கத்திரைக்குப் பின்னால் ஒரு முக்காலியைப் போட்டு, நடிகர்கள் மறக்கும் வசனத்தை எடுத்துக் கொடுக்கச் சொன்னார். தலை நரைக்கும்வரை அவளுக்கு அதுதான் வேலை.

அவள் கிசுகிசுப்பது முன்வரிசைவரை கேட்கும். அதில்தான் வந்தது வினை. அந்தப் பழைய அரங்கில், காதலில் தோற்று மேடையிலேயே உயிரை விட்ட பேரழகி ஒருத்தி இன்னும் வசனம் பேசிக்கொண்டு திரிகிறாள் என்று ஊர் கதை கட்டியது. இவளும் அதை நம்பினாள். இருட்டிவிட்டால் ஒப்பனை அறைக்குத் தனியாகப் போக மாட்டாள்.

பேய் யாரென்று உறைக்க, ஓய்வு பெற்ற பிறகு மருமகளோடு டிக்கெட் வாங்கி, பேய் அரங்கம் என்று இப்போது வழிகாட்டி வைத்துக் காட்டும் அந்த அரங்கைச் சுற்றிப் பார்க்க வேண்டியிருந்தது. பேய் பேசிய வசனங்களை வழிகாட்டி உருக்கமாகச் சொல்லிக்கொண்டே வந்தார். அத்தனையும் கதாநாயகர்கள் வழக்கமாகக் கோட்டைவிட்ட வரிகள்.

"என்ன அத்தை, ஒரு மாதிரி முழிக்கிறீங்க?" என்றாள் மருமகள்.

"அந்தப் பேய் நான்தாம்மா."

வழிகாட்டி அவளை மேலும் கீழும் பார்த்தார். இறந்துபோனவள் பேரழகி என்று பணிவாகத் திருத்தினார். அதை மறுக்க அவளால் முடியவில்லை.

பிறகு அவர் விளக்கைக் குறைத்துவிட்டு, ஒரு வசனத்தைத் தொடங்கி, பாதியில் தடுமாறி நின்றார். பழக்கதோஷம்; அவள் வாய் தானாக மீதியை எடுத்துக் கொடுத்துவிட்டது. கூட்டத்தில் பாதிப்பேர் வாசலைப் பார்த்து ஓடினார்கள், வழிகாட்டி தலைமையில். மருமகள் சிரித்துச் சிரித்து நாற்காலியில் சரிந்தாள்.

விஷயம் நிர்வாகியின் காதுக்குப் போனது. சனிக்கிழமைகளில் வந்து திரைக்குப் பின்னாலிருந்து நாலு வரி கிசுகிசுக்க முடியுமா என்று ஃபோனில் கேட்டார். முகத்தைக் காட்ட வேண்டாம் என்பதை அழுத்தியே சொன்னார். மானத்தைப் பார்ப்பதா, வாய்ப்பைப் பார்ப்பதா என்றெல்லாம் அவள் யோசிக்கவில்லை. சட்டென்று ஒப்புக்கொண்டாள்.

போன வாரம் அவளுக்கு ஜலதோஷம். உருக்கமான வரிக்கு நடுவே அரங்கம் அதிரத் தும்மிவிட்டாள். வழிகாட்டி அசரவில்லை. பேரழகி மாண்டது காதலால் அல்ல, கடும் காய்ச்சலால் என்று அந்த இடத்திலேயே கதையை மாற்றிவிட்டார். அவளுக்கும் அதில் சம்மதம்தான். காதலைவிடக் காய்ச்சல் தனக்கு நன்றாக வருகிறது என்று வீட்டில் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.