மாமாவின் ஓய்வும் என் மணிக்கட்டும்

என் அக்கா வீட்டுக்காரர் மெத்தைக் கடையில் விற்பனை மேலாளர். வருகிறவர்களையெல்லாம் படுக்க வைத்துத் தூக்கத்தின் அருமையை எடுத்துச் சொல்வதுதான் அவர் பிழைப்பு. "சார், வாழ்க்கையில மூணுல ஒரு பங்கு படுக்கைலதான் போகுது. அதுல போய்க் கஞ்சத்தனம் பண்ணலாமா?" என்று அவர் கேட்கிற தோரணையில், தலையணை உறை வாங்க வந்தவர்கூட இரட்டைக் கட்டில் மெத்தையை வண்டியில் ஏற்றிக்கொண்டு போவார். ஆனால் மாமா மட்டும் தூங்குவதில்லை. அவர் ஓடுகிறார்.

சும்மா ஓட்டமில்லை, நாற்பத்திரண்டு கிலோமீட்டர். போன வருடப் போட்டியில் முக்கால்வாசி தூரத்தில் சாலையோரம் உட்கார்ந்துவிட்டார். ஆம்புலன்ஸில் தூக்கிப் போட்டு, முதலுதவிக் கூடாரம் அங்கேதான் என்று நேராக முடிவுக்கோட்டிலேயே கொண்டுவந்து ஸ்ட்ரெச்சரோடு இறக்கினார்கள். அங்கே அவர் முதலாளி பூங்கொத்தும் கையுமாக நின்றிருந்தார். அன்றிலிருந்து கடையில் யாராவது "மெத்தையை எப்படி வீட்டுக்கு அனுப்புவீங்க?" என்று கேட்டால், பின்னால் நிற்கிற சேல்ஸ்மேன்கள் "ஸ்ட்ரெச்சர்ல அனுப்பிடலாம்" என்று முணுமுணுத்துச் சிரிப்பார்கள். இந்த வருடம் அந்தக் கோட்டைத் தன் சொந்தக் காலால் தாண்டாவிட்டால் கடையில் தலைகாட்ட முடியாது என்பது மாமாவின் நிலைமை.

போன வருடம் ஏன் விழுந்தார் என்று அவருடைய ஓட்டக் குழுவின் கோச் விளக்கம் சொன்னார். ரிட்டயர் ஆன விளையாட்டு ஆசிரியர் அவர். "ஓடுறப்போ உடம்பு தேயுதுங்க. ஓய்வெடுக்கறப்பதான் தேறுது. நீங்க தேயறதை மட்டும் பண்றீங்க." நல்ல மனுஷன், நல்ல வார்த்தை. ஆனால் யாரிடம் சொல்கிறோம் என்று பார்த்துச் சொல்லியிருக்க வேண்டும்.

மாமா ஓய்வெடுக்க ஆரம்பித்தார். வீடு கிடுகிடுத்தது. கால் வீக்கம் வடிய, இரண்டு காலையும் ஹால் சுவரில் தூக்கி வைத்துப் படுப்பார். வெள்ளைச் சுவரில் குதிகால் அச்சு இரண்டு கறுப்பாக விழுந்துவிட்டது. அந்தக் கோலத்தில் அவரால் எதையும் எடுக்க முடியாது. எனவே தண்ணீர், போன், ரிமோட், வாழைப்பழம் எல்லாம் அக்கா கொண்டுவந்து தர வேண்டும். மிக்ஸி ஓடக் கூடாது. குழாயை வேகமாகத் திறக்கக் கூடாது. "நான் ரெஸ்ட்ல இருக்கேன்" என்று அவர் கத்துவது தெருமுனை வரை கேட்கும்.

அக்காவைப் பற்றியும் சொல்ல வேண்டும். மருந்துக் கடையில் வேலை. நாள் முழுக்க நின்றுகொண்டே இருக்கிற வேலை. மாமா ஓடப் போவதற்குள் எழுந்து அவருக்கு வேண்டியதை எடுத்து வைப்பாள். ஓடி வந்து அவர் கழற்றிப் போடுகிற வியர்வைத் துணியைத் துவைத்துவிட்டுத்தான் வேலைக்குக் கிளம்புவாள். அப்புறம் நான். அவர்கள் வீட்டு ஹால் சோபாவில் தங்கி வேலை தேடிக்கொண்டிருக்கிறேன். தேடுவதில் எனக்கு அவசரம் கிடையாது.

ஓட்டக் குழுவில் எல்லோரும் ஒரே மாதிரி வாட்ச் வாங்கினார்கள். ராத்திரி கட்டிக்கொண்டு படுத்தால், உடம்பு எவ்வளவு தேறியிருக்கிறது என்று காலையில் நூற்றுக்கு மார்க் போடும். அதை வாட்ஸப் குழுவில் போட வேண்டும். மார்க்கைப் பார்த்து, இன்று யார் எவ்வளவு ஓடலாம் என்று கோச் சொல்வார். யோசனை என்னவோ நல்லதுதான். ஆனால் ஓடுகிறவர்கள் கையில் எதைக் கொடுத்தாலும் பந்தயமாக்கிவிடுவார்கள். குழுவில் இருந்த பல் டாக்டர் தினமும் தொண்ணூறுக்கு மேல் வாங்கி, பக்கத்தில் ஒரு சிரிக்கிற பொம்மை வேறு போடுவார். மாமாவுக்கு முப்பத்தெட்டு, நாற்பத்தொன்று. மார்க் குறைந்துவிடுமோ என்ற கவலையில் தூக்கத்தின் நடுவே எழுந்து எழுந்து வாட்சைப் பார்த்தால் வேறென்ன வரும்?

"சரியா ஓய்வெடுக்காதவங்களை இந்தத் தடவை முழு ஓட்டத்துக்கு அனுப்ப மாட்டேன்" என்று கோச் ஒருநாள் எழுதினார். அன்று சாயங்காலம் மாமா என் சோபாவுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"மாப்ள, நீ நல்லாத் தூங்குவே இல்ல?"

வாழ்க்கையில் முதல்முறையாக என் திறமையை ஒருவர் கண்டுகொண்டார். மணிக்கட்டை நீட்டினேன்.

மறுநாள் காலை தொண்ணூற்றாறு. குழுவே வாயைப் பிளந்தது. பல் டாக்டர் பொம்மை போடவில்லை. மாமாவுக்குத் தலைகால் புரியவில்லை. எனக்கும் பெருமைதான், ஏன் மறைக்க வேண்டும்? கோச் மட்டும் யோசித்து எழுதினார்: "அருமை. உடம்பு நல்லாத் தேறியிருக்கு. இன்னைக்குத் தூரத்தைக் கூட்டிக்கலாம்."

இதை நாங்கள் இரண்டு பேரும் எதிர்பார்க்கவில்லை. நான் தூங்கத் தூங்க, மாமாவுக்குத் தூரம் கூடிக்கொண்டே போனது. என் ஓய்வுக்கு அவர் ஓடினார். வலது முழங்காலுக்குக் கீழே சுருக்சுருக்கென்று குத்துகிறது என்று மாடிப்படியில் ஒவ்வொரு படியாக உட்கார்ந்து இறங்கினார். "இனிமே என் கையில வாட்சைக் கட்டாதீங்க மாமா, கோச்கிட்ட உண்மையைச் சொல்லிடலாம்" என்றேன். "வலி உடம்புக்குள்ள இருக்குன்னா வாட்ச் சொல்லியிருக்காதா?" என்று கேட்டார். மனப்பூர்வமாகத்தான் கேட்டார். அந்த வாட்ச் யார் கையில் இருக்கிறது என்பதையே அவர் மறந்துவிட்டார்.

வீடு பெருக்கும்போது சோபாவிலிருந்து தொங்கிய என் கையை அக்கா பார்த்தாள். "ரெண்டு பேரும் சேர்ந்து யாரை ஏமாத்துறீங்க?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருக்க நேரமில்லாமல் வேலைக்குப் போய்விட்டாள்.

போட்டிக்குப் பத்து நாள் இருக்கும்போது மாமா கடையிலேயே விழுந்தார். நல்லவேளை, மெத்தை மேல். எலும்பு டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். காலெலும்பில் விரிசல். "முன்னாடியே வலிச்சிருக்குமே, ஏன் ஓடினீங்க?"

மாமா போனை நீட்டி, வாரம் முழுக்க வாங்கிய பச்சை மார்க்குகளைக் காட்டினார். டாக்டர் குழம்பிப் போனார்.

"அது இவனோட ஓய்வு டாக்டர்" என்று அக்கா என்னைக் காட்டினாள்.

ஆறு வாரம் கட்டு. போட்டி போயிற்று, முதலாளியின் பூங்கொத்து போயிற்று. மாமா நாள் முழுக்க ஹாலில் படுத்திருந்தார். இப்போது வாட்ச் அவர் கையிலேயே இருந்தது. நேர்மையாகவே தொண்ணூறு வந்தது. பாராட்ட ஒருவரும் இல்லை. அக்காவுக்கு வேலை இரட்டிப்பானது. ஒருநாள் பாத்திரம் கழுவிவிட்டு ஈரக்கையைத் துடைத்தபடி வந்து, "ஒரே ஒரு தடவை எனக்குக் கட்டிப் பார்க்கட்டுமா?" என்று கேட்டாள். மாமா பெரிய மனது பண்ணிக் கழற்றிக் கொடுத்தார்.

காலையில் பதினொன்று. சிவப்பில். கீழே, உடனே ஓய்வு தேவை என்று எழுதியிருந்தது.

மாமா வாட்சை வாங்கி உதறினார். உள்ளங்கையில் தட்டினார். "கெட்டுப்போச்சு போல" என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஊருக்கெல்லாம் தூக்கத்தை விற்கிற மனிதர், சொந்த வீட்டில் ஒருத்தி தூங்குவதே இல்லை என்று எழுதிக் காட்டினாலும் கருவியைச் சந்தேகப்படுகிறார். நான் மட்டும் என்ன வாழ்ந்தது? சோபாவிலிருந்து பார்த்துக்கொண்டுதானே இருந்தேன்.

"கெடலைங்க" என்றாள் அக்கா. வாட்சைத் திரும்ப வாங்கிக் கட்டிக்கொண்டு, படுக்கையறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டாள்.

அடுப்படியில் பால் காய்ச்சாமல் வெளியிலேயே இருந்தது. மாமா என்னைப் பார்த்தார். பிறகு கட்டுப் போட்ட தன் காலைக் காட்டினார். நான் என் காலைப் பார்த்தேன். இரண்டுமே நன்றாகத்தான் இருந்தன.

எழுந்து அடுப்பைப் பற்றவைத்தேன். மருந்துக் கடைக்குப் போன் செய்து, அக்கா இன்று வரமாட்டாள் என்றேன்.

"ஏங்க, உடம்பு சரியில்லையா?"

"தூங்குறாங்க."

"யாரு, அவங்களா?" என்று மறுமுனையில் இருந்தவர் இரண்டு முறை கேட்டார்.