அண்ணன் டிவியில் மாட்டிய கம்ப்யூட்டர்

போன வாரம் மயிலாடுதுறையில் அண்ணன் வீட்டு பீரோவைத் திறந்ததும் முதலில் வந்தது நாப்தலீன் உருண்டை வாசனை. அப்புறம்தான், பழைய சேலைகளுக்கு அடியில், அந்தக் கம்ப்யூட்டர். நீங்கள் நினைக்கிற கம்ப்யூட்டர் இல்லை. திரையே கிடையாது. வெறும் கீபோர்டு, அதன் முதுகில் ஒரு ஒயர். அதை டிவியில் சொருகினால்தான் எதுவும் தெரியும்.

அண்ணனுக்கு மறதி நோய். பிள்ளைகளின் பெயர் முதலில் போயிற்று, பிறகு அண்ணி. தங்கச்சி நான் மட்டும் மிச்சம் இருந்தேன். போன முறை வந்தபோது என்னைப் பார்த்ததும் அவன் கொஞ்சம் யோசித்தான். அந்த யோசனைக்குப் பயந்துதான் இதைத் தேடி எடுத்தேன். இதைப் பார்த்தாவது என்னை விடாமல் பிடித்துக்கொள்வான் என்று ஒரு நப்பாசை.

இது சிங்கப்பூரிலிருந்து சித்தப்பா கொண்டுவந்தது. கூடவே கோடாலித் தைலமும் வந்தது. அம்மாவுக்குத் தைலம் புரிந்தது, இது புரியவில்லை. அண்ணன் அப்போது காலேஜில் சேர்ந்திருந்தான். நான் பள்ளிக்கூடம் போன நேரம் போக அவனுக்கு எடுபிடி.

இலங்கை நிகழ்ச்சி பிடிக்க அப்போது எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு வீடு உயரமான ஆண்டெனா கம்பம் நிற்கும். படம் வரவில்லையா, மாடியேறிக் கம்பத்தைத் திருப்பு. வேறு வைத்தியம் எங்கள் ஊருக்குத் தெரியாது. கம்ப்யூட்டரை மாட்டிப் படம் வராதபோதும் அண்ணன் மாடிக்குத்தான் ஓடினான். சிங்கப்பூர் மெஷின் ஆச்சே என்று கம்பத்தைக் கிழக்கே திருப்பினான். ஆண்டெனா ஒயரைப் பிடுங்கிவிட்டுத்தான் கம்ப்யூட்டரைச் சொருகியிருந்தோம் என்பது அந்த மேதைக்கும் உறைக்கவில்லை, ஜன்னலில் நின்ற எனக்கும் உறைக்கவில்லை. அதே சமயம் அப்பா பொறுமையிழந்து சேனல் குமிழைத் திருக, வெள்ளைத் திரையில் ஒரு கறுப்புக் கட்டம் மினுங்கியது. "வந்துடுச்சுண்ணே, அப்படியே புடிச்சுக்க" என்று கத்தினேன். அதன்பிறகு வெகுநாள் அந்தக் கம்பத்தை யாரும் தொட அவன் விடவில்லை. இலங்கை போயிற்றே என்று அப்பா முணுமுணுத்துக்கொண்டே இருந்தார்.

அன்றே அவன் என்னவோ தட்டித் திரை முழுக்க என் பெயரை ஓடவிட்டான். அது கீழிருந்து மேலே நிற்காமல் ஏறியது. என் கல்யாணப் பத்திரிகையில்கூட என் பெயரை அப்படி ஆசையாகப் பார்த்ததில்லை.

இப்போது சுவரில் இருக்கும் டிவியில் குமிழே இல்லை. நான் ஒயரைச் சொருக, ரிமோட்டை வைத்து அண்ணி சேனல் தேடவிட்டார். வெறும் சேனல்களாக ஓடின. தூசி சூடாகும் வாசனை எழுந்தது. கடைசியில் வெள்ளைத் திரையும் கறுப்புக் கட்டமும் வந்தேவிட்டன.

அண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்தான். இத்தனை மாதமாக நான் பார்க்காத சிரிப்பு முகத்தில் இருந்தது.

"இது என்னோடதுங்க" என்றான் என்னிடம்.

"ஆமாண்ணே. நான் யாரு, சொல்லு."

அவன் அதைக் காதில் வாங்கவில்லை. வாசலைப் பார்த்தான்.

"தங்கச்சி பள்ளிக்கூடம் போயிருக்கா. அவ வராம போட்டா அழுவா. ஆஃப் பண்ணிடுங்க."

ஆஃப் செய்தேன். அவன் வாசலைப் பார்த்தபடியே இருந்தான். பள்ளிக்கூடம் விட்டு அந்தப் பெண் வரும்வரை அவன் காத்திருப்பான். அவளைக் கூட்டிவர என்னால் முடியாது.