ஆளில்லாத விசைப்பலகை

அடையாள அட்டையில் அவள் ‘புத்தாக்கப் பிரிவு, மூத்த படைப்பாளி’. வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து அவள் எதையும் படைத்ததில்லை. மற்றவர்கள் எழுதிவிட்டுப் போன நிரல்களில் வேண்டாததை நீக்குவதே அவள் பிழைப்பு. சகாக்கள் வைத்த பெயர் ‘துடைப்பம்’. அட்டையைவிட அதுதான் பொருத்தம்.

ஒரு மதியம் நிரல் ஒன்றைச் சரிசெய்ய அவளை மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். அங்கே பேச முடியாத நோயாளிகள் கட்டிலில் பொருத்திய கருவி வழியே கண்ணசைவால் எழுத்துகளைத் தேர்ந்தெடுப்பார்கள். நிஜமான விசைப்பலகை கிடையாது. இருப்பதாகக் கணினியை நம்பவைக்கும் நிரல்தான் உண்டு. அழைப்புக்கு யாரும் வராவிட்டால், நிரலுக்குள் ஓடும் கடிகாரம் அந்தச் சொல்லையே திரும்பத் திரும்ப அனுப்பும்.

செவிலியின் திரையில் ஜன்னலோரக் கட்டிலிலிருந்து ‘தண்ணி’ என்று வந்தது. செவிலி எழவில்லை.

“போய்ப் பாக்கலையாக்கா?”

“அது பெரியவரும்மா. போன வாரமே போய்ச் சேந்துட்டாரு. அவரோட கருவியையும் நீக்கியாச்சு. கேக்கறத மட்டும் நிறுத்த மாட்டேங்கறாரு.”

“பயமா இல்லையா?”

“மொதல்ல விழுந்தடிச்சு ஓடினோம். இப்ப பழகிடுச்சு.”

“இப்ப அந்தக் கட்டில்ல யாரு?”

“ஒரு டீச்சரம்மா. காலையிலதான் வந்தாங்க. அவங்களுக்கு வேற கருவி.”

“அவங்களுக்கும் தாகம் எடுக்குமேக்கா. அப்ப கேக்கறது யாருன்னு எப்படித் தெரியும்?”

செவிலி எழுந்து ஓடினார். டீச்சரம்மா அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். திரையில் மறுபடியும் ‘தண்ணி’.

துடைப்பம் நிரலைப் பிரித்தாள். எழுதியவர் மகா பொறுப்பானவர். வேலை பாதியில் முறியக்கூடிய ஒவ்வோர் இடத்துக்கும் எடுத்ததைத் திருப்பித் தரும் துப்புரவு வரிகளைத் தனித்தனியாக எழுதியிருந்தார். அத்தனை பொறுப்பில் ஓரிடம் விட்டுப்போயிருந்தது. அழைப்புக்கு யாரும் வராத நிலையில் கருவியை நீக்கினால் கணினியிலிருந்து அதன் பெயர் மட்டும் போகும். கடிகாரமும் அது சுமந்த சொல்லும் தங்கிவிடும். அப்படியென்றால் பெரியவர் தண்ணீர் கேட்டபடியேதான் போயிருக்கிறார். இதை அவள் செவிலியிடம் சொல்லவில்லை.

புதிய நிரலை ஏற்றிக் கணினியை அணைத்துப் போட்டாள். திரை வெறுமையாக நின்றது. செவிலி பெருமூச்சு விட்டார். அந்த மூச்சு முடிவதற்குள் ஜன்னலோரக் கட்டிலிலிருந்து ‘தண்ணி’.

செவிலிக்கு முகம் வெளுத்துவிட்டது. “இன்னும் போகலையா அவரு?”

“போயிட்டாருக்கா. இது இருக்கறவங்க. ஓடுங்க.”

அவள் செய்தது இதுதான்: பக்கம் பக்கமாக இருந்த துப்புரவை அழித்தாள். கருவி கணினியிடமிருந்து நினைவிடம், கடிகாரம் என எதை எடுத்தாலும், எடுக்கும்போதே அதைத் திருப்பித் தரும் பொறுப்பையும் அதன் தலையில் கட்டினாள். கருவி போனால், கடைசியாக எடுத்ததில் தொடங்கி எல்லாம் தானாகப் போய்விடும்.