ஷர்லி கொடி காட்டும் வண்டி

குவைத்தில் பதினொரு வருடம் பிறர் வீட்டில் சமைத்துவிட்டு, இனி போவதில்லை என்ற முடிவோடு ஜெயராணி திருச்சி விமான நிலையத்தில் வந்து இறங்கினாள். தம்பி அமல்ராஜ் வாடகைக் காரோடு நின்றான். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் அவர்கள் ஊரான ஆவூரில் நேராக வீட்டுக்குப் போவதில்லை. மாதா கோயில் படியில் பெட்டியை இறக்கி ஜெபம் சொன்ன பிறகுதான் வீடு. சொந்தபந்தமெல்லாம் கோயிலில் கூடிவிட்டதாம்.

"பெட்டிய நீ கொண்டுபோடா. என்னைய குமாரமங்கலம் ஸ்டேஷன்ல விட்டுரு. நான் ரயில்ல வாரேன்."

"என்னக்கா, பிளேன்ல வந்த மயக்கமா? இங்கிட்டிருந்து நேரா நம்ம ஊரு. நீ கீரனூர் போயி பஸ் பிடிச்சு வருவியாக்கும்? தலையைச் சுத்தி மூக்கைத் தொடுற."

"தொட்டுட்டுப் போறேன். இன்னிக்கு அந்த வண்டிக்கு ஷர்லிதான் கார்டு."

அமல்ராஜ் பெட்டியைக் காரில் ஏற்றிவிட்டு, அவளுக்குக் கதவைத் திறந்துவிட்டான்.

ஷர்லி அவளுடைய ஒரே மகள். எட்டாம் வகுப்புப் படித்த பிள்ளையை விட்டுவிட்டு விமானம் ஏறியவள், நடுவில் இரண்டு முறைதான் வந்துபோனாள். மகள் ரயில்வே பரீட்சை எழுதியது, பயிற்சிக்குப் போனது, வெள்ளைச் சீருடை போட்டது எல்லாமே போன் திரையில் பார்த்ததுதான். "எம்மக ரயில்வேயில வேலை பாக்குறா" என்றால், "கூட்டிப் பெருக்கவா?" என்று குவைத் வீட்டில் கேட்பார்கள். இல்லை, அவள் கொடி காட்டினால்தான் வண்டியே கிளம்பும் என்று சொல்லும்போது ஜெயராணிக்கே தன் வார்த்தையில் முழு நம்பிக்கை வந்ததில்லை. அதை ஒருதரம் கண்ணால் பார்த்துவிட வேண்டும். நாளை முதல் மகளுக்குச் சரக்கு வண்டியில் வேலை. அதில் யார் ஏற முடியும்?

மகளிடம் சொல்லவில்லை. சொன்னால் பேசாமல் காரில் போகச் சொல்லுவாள்.

விமானம் ஏற்கெனவே நாற்பது நிமிடம் தாமதம். ஸ்டேஷனுக்குக் கொஞ்சம் முன்னால் ரயில்வே கேட்டையும் அடைத்துவிட்டார்கள். காருக்கு முன்னால் வரிசையாக லாரிகள்.

"ஓம்மகதான் வர்றா. மாமன் காரையே நிப்பாட்டிட்டா, பாத்தியா?" என்றான் அமல்ராஜ்.

ஜெயராணி கார்க் கதவைத் திறந்தாள். இறங்கி, லாரிகளின் ஓரமாக விறுவிறுவென்று நடந்து ஸ்டேஷனுக்குள் போனாள். டிக்கெட் கவுண்டரில் அவளுக்கு முன்னால் மூன்று பேர். தூரத்தில் ஹாரன் கேட்டதும் மூன்று பேரும் பிளாட்பாரத்துக்கு ஓடினார்கள்.

"ஏறுங்கக்கா, இதுல யாரு வந்து செக் பண்ணப் போறா?" என்று ஒருத்தன் கத்திவிட்டுப் போனான்.

கார்டின் அம்மா டிக்கெட் இல்லாமல் ஏறுவதா? அவள் நின்று, கீரனூருக்கு ஒரு டிக்கெட் வாங்கிக்கொண்டுதான் திரும்பினாள். அதற்குள் வண்டி வந்து நின்றிருந்தது.

பக்கத்தில் இருந்த வாசலில் ஏறியிருக்கலாம். கால் கேட்கவில்லை. கடைசிப் பெட்டியை நோக்கி ஓடினாள். அதன் கோடியில், கார்டு அறை வாசலில், விசிலை வாயில் வைத்தபடி ஷர்லி நின்றாள். கையில் சுருட்டிய பச்சைக்கொடி. திரும்பியவள் அம்மாவைப் பார்த்தாள். விசில் வாயிலிருந்து நழுவியது. "அம்மா" என்று உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை.

பிறகு வந்த குரல் ஜெயராணி போனில் ஒருநாளும் கேட்டிராத குரல்.

"ஓடாதீங்க! நடந்து வந்து ஏறுங்க. பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்."

ஜெயராணியின் கால்கள் தாமாக நிதானத்துக்கு வந்தன. நடந்துபோய்க் கடைசிப் பெட்டியில் ஏறினாள். விசில் ஒலித்தது. சன்னல் வழியே எட்டிப் பார்த்தாள். கொடி விரிந்தது. எங்கோ முன்னால், கண்ணுக்கே எட்டாத இடத்திலிருந்து ஹாரன் பதில் சொன்னது. அத்தனை இரும்பும், அத்தனை சனமும், தொங்கும் பைகளும், தூங்கும் குழந்தைகளுமாக வண்டி மெல்ல நகர்ந்தது. ஜெயராணி தன்னையறியாமல் சிலுவை போட்டுக்கொண்டாள்.

எதிரில் கொய்யாக் கூடையோடு ஆரோக்கியம்மாள் என்றொரு பெண் உட்கார்ந்திருந்தாள். நார்த்தாமலைக்காரி.

"அதட்டிருச்சா? எனக்கும் ஒருநாள் இதே அதட்டுதான். ஆனா நான் ஏறுற வரைக்கும் கொடிய விரிக்கல. யாரு பெத்த புள்ளையோ!"

நான்தான் என்று சொல்ல ஜெயராணிக்கு நாக்கு வரை வந்தது. சொல்லவில்லை. மகள் தனக்கென்று வண்டியை நிறுத்திவைக்கவில்லை, ஓடிவரும் யாருக்கும் அப்படித்தான் நிற்பாள் என்பதைக் கேட்டதும் நெஞ்சு இன்னும் நிறைந்துபோனது. ஒரு கொய்யா வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கும் மகளின் அசைவைக் கேட்டபடி வந்தாள்.

கீரனூரில் இறங்கியதும் நேரே கார்டு அறை வாசலுக்குப் போனாள். கேட்க எவ்வளவோ இருந்தது.

"சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேம்மா. சாயங்காலம் வீட்டுக்கு வாரேன்." ஷர்லியின் கண் ஈரமாக இருந்தது. ஆனால் பார்வை அதற்குள் வண்டியின் முன்பக்கம் போய்விட்டது. "சிக்னல் விழுந்துருச்சு. தள்ளி நில்லுங்க."

பதினொரு வருடம் யார் யாரோ சொல்லித் தள்ளி நின்றவள்தான் ஜெயராணி. இன்றைக்கு மகள் சொன்னதும், பிளாட்பாரத்தில் நின்ற மற்றவர்களோடு அவளும் இரண்டடி பின்னால் போய், முதுகை நிமிர்த்தி நின்றாள்.