மச்சானின் கையில் அப்பாவின் மணிக்கூடு

என்னிடம் பதினொரு பழைய மணிக்கூடுகள் இருக்கின்றன. எல்லாம் சுவிஸ் நாட்டில் செய்தவை, எல்லாம் கையால் சாவி கொடுத்து ஓட்டுபவை. வேலை பார்க்கும் கந்தோருக்கு ஒன்று, கோயிலுக்கு ஒன்று, கலியாண வீட்டுக்கு ஒன்று என்று நாளுக்கு ஏற்றபடி மாற்றிக் கட்டுவேன். ஆனால் ஒன்பது வருடமாக என் கண் கிடந்தது பன்னிரண்டாவது ஒன்றில். அது என் தங்கையின் கணவருடைய இடது கையில் இருந்தது.

அது அப்பாவுடையது. வாழைச்சேனைக் கடதாசி ஆலையில் அப்பா இயந்திரப் பகுதியில் வேலை செய்த காலத்தில், தன் நாட்டுக்குத் திரும்பிய ஒரு வெள்ளைக்கார என்ஜினியர் தன் கையிலிருந்து கழற்றி அவருக்குக் கொடுத்தது. அப்பாவுக்கு அதன் மதிப்புத் தெரியாது. நேரத்துக்கு வேலைக்குப் போக உதவியது, அவ்வளவுதான். மதிப்புத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். சின்ன வயதில் அவர் குளிக்கப் போகும் நேரம் பார்த்து அதைக் காதில் வைத்துக் கேட்பேன். எனக்கு இந்த மணிக்கூட்டுப் பைத்தியம் பிடித்ததே அதனால்தான். ஆகவே அது எனக்குத்தான் வரும் என்று நானே முடிவெடுத்து வைத்திருந்தேன்.

தங்கையின் கலியாணத்தன்று, பெரியகல்லாற்று வீட்டுப் பந்தலில், அப்பா அதைக் கழற்றி மாப்பிள்ளையின் கையில் கட்டினார்.

எங்கள் பக்கத்தில் வீடும் வளவும் பெண்பிள்ளைக்குத்தான். மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். அதில் எனக்கு எந்த மனக்குறையும் இல்லை. நானும் குருக்கள்மடத்தில் மனைவியின் வீட்டில்தான் இருக்கிறேன். வீடு போகட்டும், மணிக்கூடு எந்த முறைக்குள் வந்தது? என் மாமனாரும் எனக்கு ஒரு மணிக்கூடு கட்டினார். தங்க நிறத்தில் மினுங்கும் பற்றரி மணிக்கூடு. மூன்றாம் வருடமே நிறம் உரிந்து, கையில் பச்சையாக அடையாளம் வைத்தது. என்னுடைய கலியாணத்துக்குக் கிடைத்தது அது, மச்சானுடைய கலியாணத்துக்குக் கிடைத்தது இது. பந்தலில் நான் சிரித்துக்கொண்டே நின்றேன். வயிறு பற்றி எரிந்தது.

அவர் அதை ஒழுங்காக வைத்திருந்தாலாவது மனம் ஆறியிருக்கும். அவர் வேளாண்மைக்காரர். வயல் வட்டைக்குள் இறங்கி வரம்பு கட்டும்போதும் அது கையில். மழைக்காலத்தில் வாவியில் வலை இழுக்கும்போதும் அது கையில். மீன் கழுவிய வாளிக்குள் கையை விட்டு அலசுவார், மணிக்கூடும் சேர்ந்து குளிக்கும். நான் கை கழுவுவதற்கு முன் கழற்றிச் சட்டைப் பைக்குள் போடுகிற ஆள். வாவிக் காற்றின் ஈரம் பிடிக்கக் கூடாது என்று மூடி இறுகிய பெட்டிக்குள், ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களோடு அடைத்து வைப்பவன். அப்படியும் என்னுடைய பதினொன்றில் நாலு பிந்தும், இரண்டு முந்தும், ஒன்று நினைத்தால் ஓடும். என் மனைவி, “வீடு நிறைய மணிக்கூடு, நேரம் பாக்கிறது போன்ல” என்று சொல்லிச் சிரிப்பாள். அவருடையது ஒரு நாளும் நின்றதில்லை. அதுகூட எனக்கு ஆத்திரம்தான். ஒரு தடவை நின்றிருந்தால் என்னிடம் கொண்டுவந்திருப்பாரே.

அதன் டயலைப் பற்றிச் சொல்ல வேண்டும். முதலில் அது வெள்ளை. ஐம்பது, அறுபது வருடத்தில் மெல்ல மெல்லப் பழுத்து, பால் குறைத்து ஊற்றிய தேநீரின் நிறத்துக்கு வந்திருந்தது. ஓரத்தில் கொஞ்சம் கடுமை, நடுவில் கொஞ்சம் இளமை. தெரியாதவனுக்கு அது அழுக்கு. எங்களைப் போன்றவர்கள் அதற்காக உயிரை விடுவோம். அதைச் சுரண்டி மறுபடி பெயின்ற் அடித்தால் மணிக்கூடு செத்த மாதிரி. இணையத்தில் பழைய மணிக்கூட்டுக்காரர்கள் கூடும் பக்கமொன்றில் அதே மாதிரி ஒன்றின் படத்தை ஒருவர் போட்டிருந்தார். அதில் டயல் இவ்வளவு அழகாகப் பழுத்திருக்கவில்லை. அதற்கே கேட்ட விலையைப் பார்த்துவிட்டு நான் போனைக் கவிழ்த்து வைத்தேன்.

அப்பா காலமாகி மூன்று வருடம் முடிந்த பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை மச்சான் ஒரு பை நிறைய மீனோடு என் வீட்டுக்கு வந்தார். தேநீர் குடித்துக்கொண்டே கையை நீட்டினார்.

“மச்சான், இந்த டயல் முழுக்கப் பழுப்பாப் போச்சு. மாமாட சாமான், பாக்கக் கவலையா இரிக்கி. இது பழுதா, இல்லாட்டி இப்பிடித்தான் இரிக்குமா? உங்களுக்குத்தான் இதெல்லாம் தெரியும்.”

கழற்றி என் உள்ளங்கையில் வைத்தார். அவருடைய கைச்சூடு அதில் இருந்தது. என் பூதக்கண்ணாடியை எடுத்துப் பார்த்தேன். ஒரு வெடிப்பு இல்லை, ஒரு புள்ளி இல்லை. இவ்வளவு சேற்றிலும் தண்ணீரிலும் அடிபட்டும் இப்படி இருக்கிறதே என்று எனக்கு எரிச்சல் வந்தது.

“பழுதுதான்” என்றேன். “ஈரம் உள்ளுக்க போயிற்று. இனி ஒருத்தரும் இத மதிக்கமாட்டாங்க.”

என் கணக்கு இதுதான்: பழுது என்று தெரிந்தால் கழற்றி அலுமாரிக்குள் போடுவார். கொஞ்ச நாள் விட்டு, ‘சும்மா கிடக்கிறதைத் தாங்களன், உள்ளே இருக்கும் சாமானாவது எனக்கு உதவும்’ என்று சொல்லி வாங்கிவிடலாம். அவர் முகம் வாடி எழுந்து போனார். அன்று மத்தியானம் அவர் கொண்டுவந்த மீனில் வைத்த குழம்பை இரண்டு தரம் போட்டுச் சாப்பிட்டேன்.

இரண்டு கிழமை கழித்துத் தங்கைக்குப் போன் எடுத்து, வேறு கதையெல்லாம் கதைத்துவிட்டு, அவர் இப்போது மணிக்கூடு கட்டுகிறாரா என்று கேட்டேன்.

“இல்ல அண்ணன். அண்டைக்கு உங்கட வீட்ட இரிந்து வந்ததும் கழட்டிற்றார்.”

எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. கொழும்புக்குப் போன ஒருவரிடம் சொல்லி அந்த மணிக்கூட்டுக்கு அளவான தோல்பட்டி ஒன்று எடுப்பித்தேன். பெட்டிக்குள் மற்றவற்றை நெருக்கி வைத்து ஓர் இடம் ஒதுக்கினேன். மனைவி, யாருக்கு இந்த இடம் என்று கேட்டாள். வரும் என்று மட்டும் சொன்னேன்.

அப்பாவின் திவசம் வந்தது. தோல்பட்டியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு பெரியகல்லாற்றுக்குப் போனேன். சாப்பாடு முடிந்ததும் கதையைத் தொடங்குவது என்று வழி முழுக்க வசனம் பாடமாக்கினேன். படலையைத் திறக்கும்போதே மச்சான் ஓடி வந்து இடது கையை நீட்டினார்.

வெள்ளை. கடையில் இன்று வாங்கிய பீங்கான் கோப்பை மாதிரி வெள்ளை. அதில் கறுப்பு எண்கள் தடிப்பாக எழுதப்பட்டிருந்தன. மணிக்கூட்டு உடம்பின் கூர்மையாக இருந்த விளிம்புகளை மினுக்கி மினுக்கி உருட்டிவிட்டிருந்தார்கள்.

“கொழும்பில ஒருத்தரப் புடிச்சிச் செய்வித்த. பழசச் சுரண்டி எடுத்திற்றுப் புதுசா அடிச்சிரிக்கி. மாமாட திவசத்துக்குக் கட்டோணும் என்டு நின்டு எடுத்த” என்றார்.

தங்கை பின்னால் வந்தாள். “அப்பாட மணிக்கூடு புதுசு மாதிரி, என்ன அண்ணன்?”

நான் நல்லாயிருக்கு என்று சொன்னேன் என்றுதான் நினைக்கிறேன். கிணற்றடிக்குப் போய் முகத்தைக் கழுவினேன். ஐயர் மந்திரம் சொன்னது காதில் ஏறவில்லை. அறுபது வருட நிறம் ஒருவனுடைய மேசையில் தூளாக உதிர்ந்ததையே நினைத்துக்கொண்டிருந்தேன். படைத்து முடிந்து, பந்திக்கு இலை போடுவதற்கு முன் அவர் என் பக்கத்தில் வந்து இருந்தார்.

“உங்கட முகம் சரியில்ல மச்சான். வேல பிழைச்சிற்றா? நீங்க பழுது என்டு சொல்லாட்டி நான் இதில கைவச்சிரிக்க மாட்டன்.”

அப்போது நான் உண்மையைச் சொன்னேன். மனச்சாட்சி உறுத்திச் சொன்னேன் என்று எழுத ஆசைதான். அப்படியில்லை. எதை நாசமாக்கினார் என்று அவருக்குத் தெரிய வேண்டும், எனக்கு எரிந்தது போல அவருக்கும் எரிய வேண்டும் என்றுதான் சொன்னேன்.

“அது பழுதில்ல. அந்த நிறத்துக்குத்தான் மதிப்பே. நான் பொய் சொன்னன்.”

“ஏன்?”

“அது எனக்கு வேணும் என்டுதான்.”

அவர் மணிக்கூட்டைப் பார்த்தார். பெருவிரலால் கண்ணாடியைத் துடைத்தார். கோபம் வரும் என்று காத்திருந்தேன். வந்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

“கேட்டிரிந்தாத் தந்திரிப்பனே மச்சான்” என்றார்.

அதற்குள் தங்கை கூப்பிட்டாள், பந்திக்கு ஆட்கள் இருந்துவிட்டார்கள். அவர் எழுந்து போய்ச் சோற்றுச் சட்டியைத் தூக்கினார். நானும் போய் ஓர் இலைக்கு முன்னால் இருந்தேன்.

அவர் தந்திருப்பார். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அப்பா அதை எனக்குக் கட்டி, இவர் வந்து என்னிடம் கேட்டிருந்தால், நான் கொடுத்திருக்க மாட்டேன். அப்பாவுக்கும் அது தெரிந்திருக்கும் என்பது எனக்கு அந்தப் பந்தியில்தான் உறைத்தது. மச்சான் வரிசையாக வந்து என் இலைக்கு முன்னால் குனிந்து, எல்லோருக்கும் வைத்ததைவிட ஓர் அகப்பை கூடச் சோறு வைத்தார். அந்த வெள்ளை டயல் என் கண்ணுக்கு நேரே வந்து நின்றது. ஒரு சதத்துக்கும் மதிப்பில்லாமல் போன பிறகும் அது எனக்கு வேண்டும் போலிருந்தது.