எல்லாரும் கால் சுதி கீழே

கோரிப்பாளையம் சிக்னலைத் தாண்டி, ஒரு மருந்துக்கடைக்கு மேல்மாடியில் எங்கள் இசைப்பள்ளி இருக்கிறது. அந்தப் பகுதி ஆட்கள் சேர்ந்து நடத்துவது. யார் வந்தாலும் சேர்த்துக்கொள்வோம். நான் கிட்டார் சொல்லிக்கொடுக்கிறேன். அடுத்த அறையில் ஒருவன் யுகுலேலி சொல்லிக்கொடுக்கிறான். இரண்டு அறைக்கும் நடுவே வெறும் பிளைவுட் தடுப்பு. அவன் பிள்ளைகள் வாசிப்பது எனக்குக் கேட்கும். நான் திட்டுவது அவனுக்குக் கேட்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

யுகுலேலி என்பது பார்க்கக் குட்டி கிட்டார் மாதிரி இருக்கும். நாலு நைலான் கம்பி. கிட்டாரின் இரும்புக் கம்பியை அழுத்தினால் சின்னப் பிள்ளைகளுக்கு விரல் கன்றிப்போகும் என்பதால் முதலில் இதில் உட்கார வைப்போம். பெற்றோர்களுக்கு அது புரியாது. எப்போது சார் நிஜக் கிட்டார் கொடுப்பீர்கள் என்று வாரம் தவறாமல் கேட்பார்கள். அவன் சிரித்துக்கொண்டே நிற்பான். எனக்குத்தான் ஆத்திரம் வரும். அவன் சொல்லிக்கொடுத்து அனுப்பும் பிள்ளைக்குத் தாளம் பிசகாது, தோள் இறுகாது. நேராக என்னிடம் வரும் பிள்ளையோடு நான் மாதக்கணக்கில் மல்லுக்கட்ட வேண்டும். இது எந்த அப்பனுக்கும் தெரியாது.

ஆள் நல்ல ஆகிருதி. திருவாதவூரில் வயல் வைத்திருக்கும் வீட்டுப் பையன். அவன் நெஞ்சில் அந்தக் கருவி ஒட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்து, "சட்டைப் பையில போட்டுட்டுப் போயிரலாம்போல இருக்கே தம்பி" என்று ஒருவர் கேட்டார். "பட்டன் போட மறந்தா விழுந்துரும்ணே" என்றான். அப்படிப்பட்ட ஆள். அவன் அப்பா மட்டும் இதை ஒரு வேலை என்று ஒப்புக்கொள்ளவே இல்லை. டிராக்டர் சும்மா நிற்கிறது, வந்து ஓட்டு என்று போனில் சொல்லிக்கொண்டே இருப்பார். ஒரு தடவை அங்கே போய் ஸ்டியரிங்கைப் பிடித்துவிட்டால் திரும்பி வர விடமாட்டார்கள் என்று அவன் என்னிடம் சொல்லியிருக்கிறான். வேறு எங்கே போய் யுகுலேலி சொல்லிக்கொடுப்பான்? மதுரையில் தெருவுக்கு ஒரு கீபோர்டு வகுப்பு உண்டு. யுகுலேலிக்கென்று சம்பளம் கொடுக்கிற இடம் எனக்குத் தெரிந்து எங்கள் பள்ளி ஒன்றுதான்.

வகுப்புக்கு முன்னால் எல்லாக் கருவிக்கும் சுதி சேர்ப்பது வாத்தியார் வேலை. நைலான் கம்பி எங்கள் ஊர் வெயிலுக்கு இளகிக்கொண்டே இருக்கும். நேற்றுச் சேர்த்தது இன்றைக்கு இருக்காது. ஆரம்பத்தில் அவன் காதாலேயே சேர்ப்பான். ஒரு கம்பியைத் தட்டுவான், முறுக்கியை ஒரு நூல் திருப்புவான், அடுத்ததை எடுப்பான். எனக்கே பொறாமையாக இருக்கும். பிறகு கிளிப் ட்யூனருக்கு மாறினான். கருவியின் தலையில் கவ்வ வைக்கும் சின்னப் பொருள் அது. கம்பியைத் தட்டினால் அதில் ஒரு முள் ஆடும். முள் நடுவே நின்று பச்சை விளக்கு எரிந்தால் சுதி சரி. சோம்பேறி ஆகிவிட்டாய் என்று திட்டினேன். "வயசாகுதுல்லக்கா" என்றான். முப்பதுகூட முழுதாக ஆகவில்லை.

போன ஆண்டுவிழாவில் அவன் பிள்ளைகள் பன்னிரண்டு பேரும் என் பிள்ளைகள் எட்டுப் பேரும் சேர்ந்து வாசிப்பதாக ஏற்பாடு. அவன் பிள்ளைகளை முன்கூட்டியே மேடையில் வரிசையாக உட்கார வைத்துவிட்டான். பெற்றோர்கள் செல்போனைத் தூக்கிப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் என் பிள்ளைகளைப் பின்அறையில் விட்டுவிட்டு என் கிட்டாரோடு மேடைக்குப் போனேன். முன்வரிசையில் ஒரு சின்னவள் சும்மா ஒரு தடவை கம்பிகளை வருடினாள். அவளைப் பார்த்து மற்றதுகளும் வருடின. யுகுலேலி எல்லாம் ஒன்றோடொன்று சேர்ந்திருந்தன. என் கிட்டாரோடு சேரவில்லை. அரைச் சுதிகூட இல்லை, கால் சுதி அளவுக்குக் கீழே. அரை இறங்கியிருந்தாலாவது ஏதாவது செய்யலாம். இந்தக் கால் சுதி கேட்கிறவனுக்குப் பல் கூசும்.

அவன் பக்கத்தில் போய் நின்று, என் கிட்டாரில் ஒரு கம்பியைத் தட்டினேன். அவன் கையிலிருந்த யுகுலேலியில் அதே சுரத்தைத் தட்டினேன். இரண்டும் சேர்ந்து வவ்வவ்வென்று அலறின. நான் அவன் முகத்தைப் பார்த்தேன். அவன் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"சரியா இருக்குல்லக்கா" என்றான்.

அந்த ஒரு வார்த்தையில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. சோம்பேறித்தனம் இல்லை. வகுப்பில் பிள்ளைகளை ஒவ்வொருவராகப் பக்கத்தில் கூப்பிட்டு வாசிக்கச் சொன்னது, நான் தடுப்புக்கு இந்தப் பக்கமிருந்து கத்தினால் பதில் வராமல் போனது, பேசும்போதெல்லாம் வாயையே பார்த்தது, எல்லாம் அதற்குத்தான். அவனுக்குக் காது போய்க்கொண்டிருந்தது.

அவன் ட்யூனரைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். அதில் ஓர் எண் இருக்கும். உலகம் பூராவும் நானூற்று நாற்பதில் வைத்துத்தான் சுதி சேர்க்கிறார்கள். பக்கத்திலிருக்கும் பொத்தானை அழுத்தினால் எண் இறங்கும். இறங்கினாலும் முள் நடுவில் நிற்கும், பச்சை எரியும். பிள்ளைகள் யாரோ பிடுங்கி விளையாடியிருக்கிறார்கள். நானூற்று முப்பது என்று காட்டியது. காது உள்ளவன் முதல் கருவியிலேயே கண்டுபிடித்திருப்பான். இவன் முள்ளை நம்பிப் பன்னிரண்டையும் கீழே இறக்கி வைத்திருந்தான்.

பள்ளியின் பொறுப்பாளர் நாலடி தூரத்தில் நின்றார். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். பெற்றோர் கண்ணெதிரில் யுகுலேலிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கித் திரும்பச் சேர்த்தால் ஏன், என்ன என்று கேட்பார்கள். அதுவும் விழாவுக்காக அவன் புதுக் கம்பி போட்டிருந்தான். புது நைலானை ஏற்றினால் நிற்காது, பாட்டு முடிவதற்குள் தொங்கிவிடும். வேறு வழி இல்லை. அந்த ட்யூனரை எண்ணை மாற்றாமல் அப்படியே எடுத்துக்கொண்டு பின்அறைக்குப் போனேன்.

எட்டுக் கிட்டாரையும் அந்தத் தப்பான ட்யூனரை வைத்தே இறக்கினேன். கிட்டார்க் கம்பியை இறக்கும்போது வேண்டிய இடத்துக்கும் கீழே கொண்டுபோய்விட்டுத்தான் மேலே ஏற்ற வேண்டும். இல்லாவிட்டால் வாசிக்க வாசிக்க நழுவும். கிட்டாருக்கு ஆறு கம்பி. வியர்த்து ஊற்றியது. மிஸ், நல்லாத்தானே இருந்துச்சு என்று கேட்ட பையனை வாயை மூடு என்றேன். சிறப்பு விருந்தினர் வழக்கம்போலத் தாமதமாக வந்தார். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு சிறப்பு விருந்தினரை மனதாரப் பாராட்டினேன்.

வாசித்தோம். இருபது பேரும் ஒரே அளவு கீழே. யாருக்கும் எதுவும் தெரியவில்லை. நன்றாகவே இருந்தது. பொறுப்பாளர் கை தட்டினார்.

விழா முடிந்ததும் அவனை எதிர்த்த டீக்கடைக்கு இழுத்துப்போய், அவன் முகத்துக்கு நேராக நின்று ட்யூனரைக் காட்டினேன். எண்ணைப் பார்த்ததும் அவனுக்கு முகம் செத்துப்போனது.

"எம்புட்டு நாளா?" என்றேன்.

"ரெண்டு வருசமாக்கா. இடது மொத. இப்ப ரெண்டும்."

"யார்ட்டயாச்சும் சொன்னியா?"

"யார்ட்டச் சொல்ல? காது கேக்காதவன் பாட்டு வாத்தியாரான்னு கேப்பாங்க. அப்பா நாளைக்கே டிராக்டர் சாவியக் கையில கொடுத்துருவாரு."

திட்டினேன். நடுத்தெருவில் நின்று சத்தமாகத் திட்டினேன். சத்தமாகத் திட்டினால்தான் அவனுக்குக் கேட்கும் என்பது வேறு ஒரு வசதி. இரண்டு வருடம் வாயைப் பார்த்தே காலத்தை ஓட்டியவன் ஒரு நாள் டாக்டரைப் பார்க்கக் கூடாதா? போனால் இனி சரியாகாது என்று சொல்லிவிடுவார்களோ என்று பயம் என்றான்.  டீ ஆறிப்போயிருந்தது. இன்னொன்று வாங்கிக் கொடுத்தேன்.

திங்கட்கிழமை பெரியாஸ்பத்திரிக்கு நானே கூட்டிக்கொண்டு போனேன். காது டாக்டர் ட்யூனிங் ஃபோர்க் என்கிற இரும்புக் கவையை எடுத்துத் தட்டி அவன் காதுக்கு முன்னால் பிடித்தார். ரொம்ப லேசாகக் கேட்கிறது என்றான். திரும்பத் தட்டி, அதன் அடிக்காம்பைக் காதுக்குப் பின்னால் எலும்பில் அழுத்தினார். அவன் நாற்காலியில் நிமிர்ந்துவிட்டான்.

"இது சி சுரம் டாக்டர்" என்றான். "ஆனா சரியான சி இல்ல. கொஞ்சம் கீழ இருக்கு."

டாக்டர் சிரித்தார். அந்த மாதிரிப் பதிலை அவர் எதிர்பார்க்கவில்லை. எனக்குச் சிரிப்பு வரவில்லை, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இவன் காதின் உள்பக்கம் முழுசாக இருக்கிறது. டாக்டரும் அதையேதான் சொன்னார். உள்காது நன்றாக இருக்கிறது, அதற்குச் சத்தத்தைக் கொண்டுபோகும் ஒரு குட்டி எலும்பு இறுகிக்கொண்டு வருகிறது, சத்தம் வாசலிலேயே நின்றுவிடுகிறது. எலும்பு வழியாகப் போனால் நன்றாகக் கேட்கும். ஆபரேஷன் செய்யலாம், ஒரு காதுக்குப் பிறகு இன்னொன்று, அதற்கு முறை வரும்வரை காத்திருக்க வேண்டும்.

வெளியே வந்ததும், வகுப்புக்குப் போவதற்காக நான் தோளில் மாட்டியிருந்த கிட்டாரை வாங்கினான். வண்டி நிறுத்துமிடத்தில் நின்றபடி அதன் தலைப்பகுதியைத் தாடையில் ஒட்டி வைத்து ஒவ்வொரு கம்பியாகத் தட்டினான். "மூணாவது கம்பி மேல இருக்குக்கா" என்றான். இருந்தது. வெயிலில் வந்ததால் என்று சொல்லிச் சமாளித்தேன்.

அதோடு முடியவில்லை. ஆபரேஷன் முடியும்வரை யாரிடமும் மூச்சு விடாமல் ஓட்டிவிடலாம் என்றான் அவன். அது ஆகாது என்றேன். அடுத்த ஆண்டுவிழாவுக்கும் நான் எட்டுக் கிட்டாரை இறக்கிக்கொண்டிருக்க முடியாது. நீயாகச் சொல், இல்லாவிட்டால் நான் சொல்வேன் என்றேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் போய்ப் பொறுப்பாளரிடம் சொன்னான்.

பொறுப்பாளர் கெட்ட மனுஷன் இல்லை. ஆனால் பெற்றோர் என்றால் நடுங்குவார். அவன் ஓய்வெடுக்கட்டும், யுகுலேலி வகுப்பையும் நான் சேர்த்துப் பார்த்துக்கொள்ளட்டும் என்றார். ஓய்வு என்று போன வாத்தியாரைத் திரும்பக் கூப்பிட்ட பள்ளியை நான் பார்த்ததில்லை. எனக்குச் சின்னப் பிள்ளைகளோடு பொறுமை கிடையாது என்பது அவருக்கும் தெரியும். முடியாது என்றேன். அப்படியென்றால் பெற்றோர்களே முடிவு செய்யட்டும் என்று அவர்கள் தலையில் போட்டுவிட்டார்.

சனிக்கிழமை பெற்றோர் எல்லாம் வகுப்புக்குள் வந்து சுவரோரம் நின்றார்கள். நான் தடுப்பின் ஓரத்தில் நின்றேன். அவன் மறைக்காமல் சொன்னான். எனக்குக் காது சரியாகக் கேட்காது, ஆபரேஷன் செய்யப் போகிறேன், அதுவரைக்கும் இப்படித்தான் வகுப்பு நடத்துவேன் என்று சொல்லிவிட்டு, ஒவ்வொரு பிள்ளையின் யுகுலேலியாக வாங்கித் தாடையில் வைத்துச் சுதி சேர்த்தான். ட்யூனரை எடுக்கவில்லை. பிள்ளைகளுக்கு அது விளையாட்டாகப் போயிற்று. கருவி கைக்குத் திரும்பி வந்ததும் ஒவ்வொன்றும் தன் தாடையில் வைத்துத் தட்டிப் பார்த்தது. ஒருத்தி, பல்லு கூசுது சார் என்றாள்.

பெரியவர்கள் சிரிக்கவில்லை. செல்லூரிலிருந்து வரும் ஒரு அம்மா முன்னால் வந்தாள். வீட்டில் தறி ஓடுகிறது, அந்தச் சத்தத்துக்குள் நாள் பூராவும் இருப்பவள். அவளுக்குக் குரலைத் தணித்துப் பேச வராது.

"எம்மக தப்பா வாசிச்சா ஒங்களுக்கு எப்படித் தம்பி தெரியும்?"

எனக்குச் சுருக்கென்றது.  நியாயமான கேள்வி. நானாக இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பேன்.

அவன் அவள் மகளைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்தான். போன வாரம் கொடுத்த பாடத்தை வாசிக்கச் சொல்லி, அவள் யுகுலேலியின் தலையில் தன் தாடையைச் சாய்த்துக்கொண்டான். அவ்வளவு பெரிய உடம்பை மடக்கி, கண்ணை மூடி, ஒரு பக்கமாகக் குனிந்திருந்தான். பார்க்க நன்றாக இல்லை. கழுத்து வலித்திருக்கும். பிள்ளை பாதி வரைக்கும் சரியாக வாசித்துவிட்டு ஓர் இடத்தில் மோதிர விரலைச் சரியாக அழுத்தாமல் விட்டாள். ஒரு கம்பி டொக்கென்று செத்தது. கூட்டத்தில் யாருக்கும் அது உறைக்கவில்லை.

"மோதிர வெரல்" என்றான் கண்ணைத் திறக்காமல். "கட்டைக்குப் பக்கத்துல கொண்டாந்து அழுத்து. திரும்ப வாசி."

அவள் திரும்ப வாசித்தாள். இந்தத் தடவை அந்தக் கம்பி பேசியது.

அம்மா மகளின் விரலைப் பார்த்தாள், பிறகு அவனைப் பார்த்தாள். "இப்படியே எல்லாப் பிள்ளைக்கும் குனியணுமா?" என்றாள்.

"ஆமாக்கா. ஆபரேசன் வரைக்கும்."

"கழுத்து போயிரும்யா" என்றாள் அவள். பொறுப்பாளர் தொண்டையைச் செருமி ஏதோ சொல்ல வந்தார். அவள் அவர் பக்கம் திரும்பி, உயரமான பெஞ்சு ஒன்று போட்டால் பிள்ளைகள் அதில் உட்கார்ந்து வாசிக்குமே, இவர் நாற்காலியில் உட்கார்ந்தபடி கேட்கலாமே, ஒரு பெஞ்சுக்குமா வழியில்லை என்று கேட்டாள். பார்க்கலாம் என்றார் அவர். பார்க்கலாம் என்றால் போடமாட்டார் என்று அர்த்தம் என்றேன் நான். அவர் என்னை முறைத்தார்.

இரண்டு பேர் அன்றைக்கே பிள்ளைகளை நிறுத்திவிட்டார்கள். அவர்கள் முகத்தில் விழித்தாலும் நான் இன்னும் பேசுவதில்லை. மற்றவர்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கீழே இறங்கிப் போனார்கள். செல்லூர் அம்மா வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே திரும்பி அவனைக் கூப்பிட்டாள். அவனுக்குக் கேட்கவில்லை. திரும்ப ஏறி வந்து, அவன் முகத்துக்கு நேராக நின்று, நிறுத்தி நிறுத்திக் கேட்டாள்.

"அடுத்த சனிக்கிழமை பத்து மணிக்கா, பத்தரைக்கா?"

"பத்துக்குக்கா" என்றான்.